ஏட்டினின்று ஏட்டிற்கு: விரிதாள் இணைப்பு வளர்ந்த வரலாறு

கணக்கெழுதும் தொழிலில் ஓர் எண் தான் பிறந்த ஏட்டிலேயே தங்கிவிடுவது அரிது. கடையின் நாட்கணக்கிலே தோன்றிய தொகை பேரேட்டுக்குச் செல்கின்றது. பேரேட்டின் மீதி ஆண்டறிக்கைக்குச் செல்கின்றது. கிளை நிலையத்தின் கணக்குத் தலைமை நிலையத்தின் கணக்கிலே சேர்கின்றது. வகுப்பாசிரியர் பதிந்த புள்ளி அதிபரின் தொகுப்புப் பட்டியலிலே இடம்பெறுகின்றது. இவ்வாறு எண்கள் ஏட்டினின்று ஏட்டிற்குப் பெயரும்பொழுதெல்லாம் ஒரு வினா எழுகின்றது. இரண்டாம் ஏட்டில் நிற்கும் எண், முதலாம் ஏட்டு எண்ணின் வெறும் பிரதியா, அன்றி அதனோடு என்றும் தொடர்பு நீங்காத ஒன்றா? பிரதியாயின், மூலம் திருத்தப்பட்ட பின்னரும் அது பழைய பிழையைச் சுமந்துகொண்டே நிற்கும். தொடர்புடையதாயின், மூலம் மாறும்போது அதுவும் மாறும். ஆயின் மூலத்திலே புகுந்த பிழையும் எவர் கண்ணிலும் படாது அதனுள்ளே புகுந்துவிடும்.

கணினி விரிதாள்களிலே ஒரு பணிப்புத்தகத்தின் கலங்களை மற்றொரு பணிப்புத்தகத்தின் கலங்களோடு இணைக்கும் முறை இவ்வினாவுக்கு அண்மைக்காலம் கண்ட விடையாகும். அது வெறும் பொறிநுட்பச் செய்தி எனக் கருதுவோர் பலர். அதன் வரலாற்றை முன்னின்று நோக்குவார்க்கோ, ஐந்நூறு ஆண்டுகளாகக் கணக்காளரை அலைத்துவந்த ஒரு பழைய சிக்கலின் புதிய வடிவமே அது என்பது புலனாகும். இணைப்பு என்பது எண்ணைக் கொண்டுசெல்ல வல்லது. எண்ணுக்குரிய பொறுப்பைக் கொண்டுசெல்ல வல்லதன்று. இவ்வுண்மையை வரலாறு மீட்டும் மீட்டும் உணர்த்துமாற்றை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெனிஸ் நகரத்து முறை

1494-ஆம் ஆண்டிலே வெனிஸ் நகரில் லூக்கா பாச்சியோலி என்னும் பிரான்சிஸ்கன் சபைத் துறவியார் பெரியதொரு கணித நூலை அச்சேற்றினார். அந்நூலின் ஒரு பகுதி கணக்குப் பதிவு பற்றியது. இரட்டைப் பதிவு முறையை அவரே கண்டுபிடித்தார் என்பது பொருந்தாது. வெனிஸ் வணிகர் நெடுங்காலமாகக் கையாண்டுவந்த முறையை ஒழுங்குபெற எடுத்துரைத்தமையே அவர் பணி. எனினும் அப்பணி சிறிதன்று. வணிகர் மூவகை ஏடுகளை வைத்திருத்தல் வேண்டும் என அவர் கூறினார். நிகழ்ந்தவற்றை நிகழ்ந்தவாறே எழுதும் குறிப்பேடு ஒன்று. அவற்றை வரவும் செலவும் தெரிய ஒழுங்குபடுத்தும் நாளேடு ஒன்று. ஒவ்வொரு கணக்கையும் தனித்தனி வகுத்துக் காட்டும் பேரேடு ஒன்று.

இம்மூன்று ஏடுகளும் ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புற்றன என்பதே ஈண்டு கருதற்பாலது. நாளேட்டிலுள்ள ஒரு பதிவைப் பேரேட்டிற்கு எடுத்தெழுதியவுடன் அப்பதிவின்மீது கோடு கிழித்தல் வேண்டும். வரவுக்கு ஒரு கோடு, செலவுக்கு ஒரு கோடு. அன்றியும், அத்தொகை பேரேட்டின் எந்தப் பக்கத்துக்குச் சென்றது என்பதை நாளேட்டின் ஓரத்திலே எண்ணாற் குறித்தல் வேண்டும். இந்தப் பக்க எண்ணே வரலாறு அறிந்த பழைய இணைப்புகளுள் ஒன்று எனலாம். அஃது எண்ணைத் தானாகக் கொண்டுசெல்லவில்லை. எழுதுவோன் கையே அதனைச் செய்தது. ஆனால் எங்கிருந்து எங்குச் சென்றது என்னும் வழியை அது காட்டியது. ஐயம் தோன்றியவிடத்து எவரும் அவ்வழியே திரும்பிச் சென்று மூலத்தைக் காணலாயிற்று.

ஏடு நிரம்பியவுடன் புதிய ஏடு தொடங்கப்படும். முதல் ஏடுகளுக்குச் சிலுவைக் குறியும், அதன் பின் வருவனவற்றுக்கு அகரவரிசை எழுத்துகளும் இடும் வழக்கத்தைப் பாச்சியோலி கூறியுள்ளார். சிலுவைப் பேரேட்டின் மீதிகள் அடுத்த பேரேட்டிற்குச் செல்லுமுன் அவர் விதித்த சோதனை சிந்திக்கத்தக்கது. இருவர் எதிரெதிர் அமர்தல் வேண்டும். ஒருவர் நாளேட்டைக் கையில் வைத்து ஒவ்வொரு பதிவையும் உரக்கப் படிப்பார். மற்றவர் பேரேட்டிலே அதனைத் தேடிக் கண்டு, சரியாயின் புள்ளியொன்று இடுவார். புள்ளி பெறாத பதிவு எங்கேனும் எஞ்சுமாயின், அங்கே பிழை உண்டென்பது தெளிவு. ஏட்டினின்று ஏட்டிற்கு எண் பெயரும்போது, அதனை எழுதியவன் ஒருவனே அதற்குச் சான்றாகான் என்னும் கொள்கை இதனுள் அடங்கியுள்ளது.

விரித்த தாளும் கணினியும்

பிற்காலத்துக் கணக்காளர் பல நிரல்களைக் கொண்ட அகன்ற தாளொன்றை ஏட்டின் இரு பக்கங்களிலும் படுமாறு விரித்து எழுதினர். விரிதாள் என்னும் பெயர் அதனாலேயே எழுந்தது. செலவினங்கள் ஒருபுறமும் மாதங்கள் மேற்புறமுமாக அமைந்த அத்தாளில், குறுக்கும் நெடுக்குமாகக் கூட்டிய தொகைகள் மூலையிலே ஒன்றையொன்று சந்தித்தல் வேண்டும். ஓர் எண்ணை மாற்ற நேரின், அதனைச் சார்ந்த எல்லாத் தொகைகளையும் அழித்து மீள எழுதுவதல்லது வேறு வழியில்லை. வரவுசெலவுத் திட்டம் தீட்டுவோர் இரவு பகலாக இவ்வேலையிலே காலங் கழித்தனர்.

இச்சுமையைக் கணினியின்மேல் ஏற்றலாம் என்பதை முதலிலே கற்றோர் உலகிற்கு உணர்த்தியவருள் றிச்சாட் மற்றெசிச் குறிப்பிடத்தக்கவர். கணக்கியற் பேராசிரியராகிய அவர் 1961-இல் வெளியிட்ட கட்டுரையொன்றிலும் 1964-இல் வெளியிட்ட நூலிலும், ஒரு நிறுவனத்தின் வரவுசெலவுத் திட்டம் முழுவதையும் எண் அணிகளாக அமைத்துக் கணினியினாற் கணிக்கும் முறையை விளக்கினார். விற்பனைத் திட்டத்தின் விளைவு உற்பத்தித் திட்டத்துக்கும், அதன் விளைவு காசுத் திட்டத்துக்கும் செல்லும். தனித்தனிப் பட்டியல்கள் ஒன்றிலிருந்து ஒன்று எண் பெறும் தொடராக அமையும் என்னும் கருத்து அங்கே தெளிவாக உருப்பெற்றது.

1969-இல் றெனே பார்டோ, றெமி லண்டவ் என்னும் இருவர் ஆக்கிய லான்பார் என்னும் கணினி மொழி மற்றொரு தடையை நீக்கியது. தாளில் முன்னர் நிற்கும் கலமொன்று பின்னர் நிற்கும் கலத்தின் விடையை நாடுமாயின், மேலிருந்து கீழாகக் கணிக்கும் பொறி தவறான விடையையே தரும். எக்கலம் எதனைச் சார்ந்துள்ளது என்பதை ஆராய்ந்து, அச்சார்பின் வரிசைப்படியே கணிக்கும் ஆற்றலை லான்பார் பெற்றிருந்தது. இணைப்பு என்பதன் உள்ளியல்பு இச்சார்பு வரிசையே. ஒரு தாளுக்குள் இதனை மறந்தாற் சிறு பிழை. பல ஏடுகளுக்கிடையே மறந்தால் யாது நேரும் என்பது பின்னர்க் கூறப்படும்.

1978-இல் ஹாவாட் வணிகக் கல்லூரியில் மாணவராயிருந்த டான் பிரிக்லின், கரும்பலகையில் எழுதப்பட்ட கணக்கொன்றில் ஓர் எண்ணை மாற்றினால் ஏனைய எண்களை எல்லாம் ஒவ்வொன்றாக அழித்தெழுத வேண்டியிருந்ததைக் கண்டு, தானே மாறும் கரும்பலகை ஒன்றைக் கற்பனை செய்தார். பொப் பிராங்ஸ்ரனுடன் கூடி அவர் ஆக்கிய விசிகால்க் 1979-இல் அப்பிள் 2 கணினிக்கென விற்பனைக்கு வந்தது. 63 நிரல்களும் 254 நிரைகளும் கொண்ட அத்தாள், சிறு கணினியை விளையாட்டுப் பொருள் நிலையினின்று அலுவலகக் கருவி நிலைக்கு உயர்த்தியது.

ஆயினும் விசிகால்க் தாள் ஒவ்வொன்றும் தனித்தீவே. ஒரு கோப்பிலுள்ள எண்ணை மற்றொரு கோப்பிற்குக் கொண்டுசெல்ல எளிய இணைப்பு இல்லை. கோப்புகளிடையே எண்களை மாற்றிக்கொள்வதற்கென 1980-களின் தொடக்கத்தில் ஒரு பொது வடிவம் வகுக்கப்பட்டது. அது விடையை மட்டுமே சுமந்து சென்றது. விடையைத் தந்த சூத்திரத்தைச் சுமக்கவில்லை. ஆகவே, மின்னாலே இயன்றதாயினும் அது பிரதியே. வெனிஸ் நகரத்து எழுத்தர் செய்த தொழிலைக் கணினி விரைவாகச் செய்தது. ஆனால் அவர் ஓரத்திலே குறித்த பக்க எண்ணை மட்டும் விட்டுவிட்டது.

இணைப்பின் தோற்றம்

1982-இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் வெளியிட்ட மல்ரிப்பிளான் என்னும் விரிதாள் இத்துறையில் ஒரு திருப்பம். ஒரு தாளின் பகுதியை மற்றொரு தாளுக்கு எடுத்துவந்து, அதனை மூலத்தோடு இணைத்து வைத்தற்குரிய கட்டளை அதிலே இருந்தது. சார்பு ஏட்டைத் திறக்குந்தோறும் மூல ஏட்டின் புதிய எண்கள் அதனுள்ளே வந்து சேர்ந்தன. பகுதிக்குப் பெயரிட்டு அப்பெயராலே அழைக்கும் வசதியும் அதிலே அமைந்திருந்தது. ஏடுகளுக்கிடையே உயிருள்ள தொடர்பு உண்டாதல் கூடும் என்பதைப் பொதுமக்களின் கணினியிலே காட்டிய பெருமை மல்ரிப்பிளானுக்கு உரியது.

சந்தையில் வென்றது அதுவன்று. 1983-இல் மிச் கேப்போரின் லோட்டஸ் நிறுவனம் வெளியிட்ட 1-2-3 என்னும் விரிதாளே அலுவலகங்களை ஆட்கொண்டது. சார்பு வரிசைப்படி கணித்தல், விரைவு, வரைபடம் ஆகியன அதன் சிறப்புகள். ஆனால் கோப்புகளை ஒன்றுசேர்க்கும் அதன் கட்டளை, பிற கோப்பின் எண்களைப் பிரதிசெய்தோ கூட்டியோ கழித்தோ நடப்புத் தாளிலே பதித்துவிடுவது. கிளை நிலையம் தன் கணக்கைத் திருத்தினால், தலைமை நிலையத்தார் மீண்டும் சேர்க்கவேண்டும். முன்பு சேர்த்ததை மறந்து மறுமுறை கூட்டினால் தொகை இரட்டிக்கும். 1989-இல் வெளிவந்த புதிய பதிப்புகளிலேதான் பிற கோப்பின் கலத்தைச் சூத்திரத்தினாலே சுட்டும் இணைப்பு 1-2-3-க்கு வாய்த்தது.

இதற்கிடையில் மைக்ரோசொப்ட் 1985-இல் மக்கின்ரோஷ் கணினிக்கும் 1987-இல் விண்டோஸ் முறைமைக்கும் எக்செல் விரிதாளை வெளியிட்டது. இரு தாள்களை இரு சாளரங்களிலே திறந்து வைத்து, ஒன்றிலே சூத்திரம் எழுதும்போது மற்றொன்றின் கலத்தைச் சுட்டிக்காட்டினாற் போதும், இணைப்பு உண்டாகிவிடும். அக்காலத்து எக்செலில் ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு கோப்பாயிருந்தமையால், கோப்புகளை இணைத்தல் அன்றாடத் தேவையாயிற்று. 1993-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு பல தாள்களை ஒரே கோப்பினுள் கட்டிப் பணிப்புத்தகம் ஆக்கியது. அதன்பின் ஒரே புத்தகத்தின் தாள்களை இணைத்தல் வேறு, புத்தகங்களை இணைத்தல் வேறு எனும் பாகுபாடு தெளிவாயிற்று. முன்னையது ஒரே கூரையின்கீழ் நிகழ்வது. பின்னையது வீடு விட்டு வீடு செல்வது.

இடமும் பெயரும்

இவ்விணைப்பு இயங்குமாற்றை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒரு கல்லூரியில் ஒவ்வொரு வகுப்பாசிரியரும் தவணைப் புள்ளிகளைத் தத்தம் பணிப்புத்தகத்திலே பதிகின்றார் எனக் கொள்க. அதிபர் அலுவலகத்துத் தொகுப்புப் புத்தகம் அவை யாவற்றினின்றும் எண்களைப் பெறுகின்றது. தொகுப்பின் கலமொன்றிலே சமன் குறி இட்டு, பின் சதுர அடைப்பினுள் மூலப் புத்தகத்தின் பெயர், அதன் பின் தாளின் பெயர், வியப்புக்குறி, இறுதியிற் கலத்தின் முகவரி என்னும் வரிசையிலே சூத்திரம் அமையும். மூலப் புத்தகம் மூடப்பட்டிருக்கும்போது அது வட்டிலே எவ்விடத்தில் உள்ளது என்னும் முழு வழியும் சூத்திரத்திலே தோன்றும்.

புதிதாகப் பயில்வோர் முதலிலே எதிர்ப்படும் இடர் ஒன்றுண்டு. பிற புத்தகத்தின் கலத்தைச் சுட்டியவுடன் எக்செல் அதன் நிரலுக்கும் நிரைக்கும் முன்னே டொலர் குறி இட்டு முகவரியை நிலைப்படுத்துகின்றது. அச்சூத்திரத்தைக் கீழ்நோக்கிப் பிரதிசெய்தால் ஒவ்வொரு மாணவர்க்கும் முதல் மாணவரின் புள்ளியே தோன்றும். குறியை நீக்கிய பின்னரே முகவரி நிரைதோறும் நகரும். இப்பிழை கண்ணுக்குத் தெரிவது. ஆகையாற் பெருந்தீங்கு விளைப்பதன்று.

கண்ணுக்குத் தெரியாத பிழையே அஞ்சத்தக்கது. மூலப் புத்தகமும் தொகுப்பும் ஒருங்கே திறந்திருக்கையில் வகுப்பாசிரியர் பட்டியலின் நடுவே புதிய மாணவர் ஒருவர்க்கென நிரையொன்று சேர்ப்பாராயின், தொகுப்பின் சூத்திரம் அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். தொகுப்பு மூடப்பட்டிருக்கையிற் சேர்ப்பாராயின், அச்செய்தி தொகுப்புக்கு எட்டாது. பத்தாம் நிரையைச் சுட்டிய சூத்திரம் பத்தாம் நிரையையே சுட்டிக்கொண்டிருக்கும்; ஆனால் அங்கே இப்போது நிற்பவர் வேறொரு மாணவர். எண் வரும், அது உண்மையான எண்ணாகவும் இருக்கும், பெயர்தான் மாறியிருக்கும். இதனைவிடக் கொடிய பிழை பிறிதில்லை. ஏனெனில், இதிலே பிழையின் அடையாளம் எதுவுமில்லை.

இடத்தாற் சுட்டுதலின் குறை இது. இதற்கு மருந்து பெயராற் சுட்டுதல். மூலப் புத்தகத்தின் கலவீச்சுக்கு ஒரு பெயரிட்டு, தொகுப்பின் சூத்திரம் அப்பெயரையே அழைக்குமாயின், இடையே நிரைகள் சேர்ந்தாலும் வீச்சோடு பெயரும் நகரும், வீச்சு விரியும். மூல ஏடு தனித்துத் திறந்திருந்த வேளையிலே நேர்ந்த மாற்றமாயினும் இணைப்பு தன் இலக்கைத் தவறவிடாது. மல்ரிப்பிளான் காலத்திலேயே இவ்வுண்மை உணரப்பட்டிருந்தும், இன்றும் பெரும்பாலோர் இடத்தையே சுட்டி வருகின்றனர். அன்றியும் பெயரிட்ட வீச்சும் எல்லாக் குறையும் நீங்கியதன்று. பட்டியலின் இறுதி நிரைக்கும் கீழே ஒருவர் பெயரைச் சேர்த்தால், அது வீச்சின் எல்லைக்கு வெளியே நின்றுவிடும். 2007-ஆம் ஆண்டு எக்செலில் மேம்பாடடைந்த அட்டவணை அமைப்பு, கீழே சேர்வனவற்றையும் தன்னுள் ஏற்று விரியும் இயல்பால் இக்குறையை ஒருவாறு போக்கியது.

மற்றுமொரு நுட்பம் உண்டு. சார்பு ஏடு, தான் இறுதியாகப் பெற்ற எண்களைத் தன்னுள்ளே சேமித்து வைத்திருக்கின்றது. அதனைத் திறக்கும்போது புதுப்பிக்கலாமா என எக்செல் வினவும். வேண்டாம் என்பார்க்குப் பழைய எண்களே காட்சியளிக்கும். வேண்டும் என்றாலும் முழுத் தீர்வு கிடைத்துவிடுவதில்லை. வகுப்பு ஏட்டினின்று பிரிவுத் தலைவரின் ஏட்டிற்கும், அதனின்று அதிபரின் ஏட்டிற்கும் எண் செல்வதாகக் கொள்க. வகுப்பு ஏடு திருத்தப்பட்டபின் பிரிவுத் தலைவரின் ஏடு ஒருமுறையேனும் திறக்கப்படாதிருப்பின், அதிபரின் ஏடு புதுப்பிக்கப்பட்டாலும் இடை ஏட்டிலே சேமிக்கப்பட்ட பழைய எண்ணையே பெறும். ஒரு தாளுக்குள் லான்பார் தீர்த்துவைத்த சார்பு வரிசைச் சிக்கல், ஏடுகளுக்கிடையே இவ்வாறு மீளத் தலையெடுக்கின்றது. சங்கிலி நீளுந்தோறும் அதன் ஒவ்வொரு கண்ணியையும் யார் காக்கின்றார் என்னும் வினாவும் வலுக்கின்றது.

பிழைகள் புகட்டிய பாடம்

அண்மைக்கால நிகழ்ச்சிகள் மூன்று இவ்வினாவின் பாரத்தை உலகிற்கு உணர்த்தின.

முதலாவது, 2012-இல் ஜே.பி. மோர்கன் வங்கியின் இலண்டன் பிரிவிலே நிகழ்ந்த பெருநட்டம். அந்நட்டம் ஏறத்தாழ 620 கோடி அமெரிக்க டொலர். 2013 ஜனவரியில் அவ்வங்கியே வெளியிட்ட அறிக்கை, இடர் அளவைக் கணிக்கும் முறை பல எக்செல் விரிதாள்களின் வாயிலாக இயங்கியதென்றும், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எண்கள் கையாலே பிரதிசெய்யப்பட்டு ஒட்டப்பட்டன என்றும் கூறியது. அவற்றுள் ஒரு சூத்திரம் சராசரியால் வகுக்கவேண்டிய இடத்திலே கூட்டுத்தொகையால் வகுத்தமையால், ஏற்றத்தாழ்வு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்து தோன்றியது. நட்டத்தை விளைத்தது வணிகத் துணிவேயன்றி விரிதாள் அன்று. ஆயினும், அபாயம் வளர்ந்தகாலை அதனை அறிவிக்கவேண்டிய அளவுகோலே சுருங்கிக் கிடந்தது.

இரண்டாவது, பொருளியலறிஞர் கார்மன் றைன்ஹாட், கெனத் றொகொவ் ஆகியோர் 2010-இல் வெளியிட்ட கட்டுரை. ஒரு நாட்டின் பொதுக்கடன் அதன் தேசிய உற்பத்தியின் 90 சதவீதத்தைக் கடக்குமாயின் வளர்ச்சி பெரிதும் குன்றும் என்பது அதன் முடிவு. பல நாடுகளிலே செலவுக் குறைப்பை ஆதரித்தோர் அதனைச் சான்றாகக் காட்டினர். அமெரிக்காவின் மசசூசெற்ஸ் பல்கலைக்கழகத்துப் பட்டப்பின்படிப்பு மாணவரான தோமஸ் ஹேண்டன், பயிற்சியொன்றின் பொருட்டு அக்கணிப்பை மீளச் செய்ய முயன்றும் அதே விடையைப் பெற இயலவில்லை. ஆசிரியர்களிடமிருந்து மூல விரிதாளையே பெற்று நோக்கியபோது, சராசரிச் சூத்திரத்தின் கலவீச்சு 30-ஆம் நிரையிலிருந்து 49-ஆம் நிரைவரை செல்லவேண்டியிருக்க, 44-ஆம் நிரையுடன் நின்றுவிட்டமை தெரியவந்தது. அவுஸ்திரேலியா, ஒஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கணக்கிலே சேரவில்லை. 2013-இல் அவர் தம் ஆசிரியர் இருவருடன் வெளியிட்ட ஆய்வின்படி, கடன் மிக்க நாடுகளின் சராசரி வளர்ச்சி மறை 0.1 சதவீதம் அன்று, 2.2 சதவீதம். இவ்வேறுபாட்டில் வீச்சுப் பிழையின் பங்கு சிறிதே. சில ஆண்டுகள் விடுபட்டமையும் நாடுகளுக்கு நிறையிட்ட முறையும் பெரும்பங்கு வகித்தன என்பதையும் நேர்மையோடு கூறுதல் வேண்டும். ஆனால் பிறர் விரிதாளைத் திறந்து நோக்கியதனாலேயே இவை யாவும் வெளிப்பட்டன.

மூன்றாவது, 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனத்திலே நிகழ்ந்தது. ஆய்வுகூடங்கள் அனுப்பிய கொரோனாத் தொற்று முடிவுகள் தானியங்கு முறையிலே எக்செல் கோப்புகளிற் சேர்க்கப்பட்டன. அக்கோப்புகள் பழைய வடிவிலமைந்தவை. 65,536 நிரைகளுக்குமேல் ஏலாதவை. 2007 முதல் வழக்கிலுள்ள வடிவமோ 10,48,576 நிரைகள் கொள்ளத்தக்கது. எல்லையைக் கடந்த பதிவுகள் ஓசையின்றி விடுபட்டன. செப்ரெம்பர் 25 முதல் ஒக்ரோபர் 2 வரையிலான காலத்துக்குரிய 15,841 தொற்றாளர் அன்றாட அறிக்கைகளிலே இடம்பெறவில்லை. அவர்களோடு பழகியோரைத் தேடி எச்சரிக்கும் பணியும் அவ்வளவுக்குத் தாமதித்தது. எண் தவறினால் காசு தவறும் என்பது பழைய அச்சம். எண் தவறினால் உயிருக்கும் ஊறு நேரலாம் என்பது இந்நிகழ்ச்சி காட்டிய உண்மை.

இம்மூன்றையும் ஒப்பிட்டு நோக்குமிடத்து ஒரு வேற்றுமையும் ஓர் ஒற்றுமையும் புலப்படுகின்றன. முதலாவதிலே இணைப்பு வேண்டிய இடத்திற் பிரதி இருந்தது; இரண்டாவதிலே வீச்சின் எல்லை பிழைத்தது; மூன்றாவதிலே தானியங்கு முறை இருந்தும் அது கொள்ளாதவற்றைக் கைவிட்டது. ஆக, கையாற் பிரதிசெய்தாலும் பிழை வரும். தானியங்கு முறையாலும் பிழை வரும். சென்ற எண்கள் எத்தனை, சேர்ந்த எண்கள் எத்தனை என்று ஒப்புநோக்கும் சோதனை உரிய வேளையிலே நிகழாமை மூன்றுக்கும் பொதுவாகும்.

இன்றைய நிலை

இணைப்பு முறைகள் பின்னரும் வளர்ந்துள்ளன. 2006-இல் தொடங்கிய கூகிள் விரிதாள் இணையத்திலேயே வாழ்வது. அதில் ஒரு புத்தகத்தின் வீச்சை மற்றொன்றுக்கு அழைத்துவரும் சார்பொன்று உண்டு. மூலப் புத்தகத்தின் முகவரியும் வீச்சின் முகவரியும் அதற்குப் போதும். முதன்முறை அழைக்கும்போது மூலத்தைக் காணும் உரிமையுடையார் இசைவு தரல் வேண்டும். இவ்விசைவு சிறந்ததொரு ஏற்பாடு. ஓர் ஏடு மற்றோர் ஏட்டைப் படிக்கின்றது என்பதை மனிதர் ஒருவர் அறிந்து ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது. ஆயின் வீச்சின் முகவரி அதிலே மேற்கோட் குறிகளுக்குள் அமைந்த வெறும் எழுத்துத் தொடராகையால், மூலத்திலே நிரல் சேர்ந்தாலும் நீங்கினாலும் அது தன்னைத் திருத்திக்கொள்ளாது. இடமா பெயரா என்னும் பழைய வினா இங்கும் தொடர்கின்றது. வீச்சுக்குப் பெயரிடுதலே இங்கும் விடையாகின்றது.

எக்செலிலே 2013-இல் துணைக்கருவியாக வந்து 2016-இல் உள்ளமைந்த பவர் குவெரி வேறொரு நெறியைப் பின்பற்றுகின்றது. அது கலத்தைக் கலத்தோடு இணைப்பதில்லை. எந்த ஏட்டிலிருந்து எந்த அட்டவணையை எடுத்து, எவ்வெவ்வாறு ஒழுங்குசெய்து சேர்ப்பது என்னும் படிகளை வரிசையாகப் பதிந்து வைத்து, கேட்குந்தோறும் அப்படிகளை மீளச் செய்கின்றது. எண் வந்த வழியைப் பிறர் படியாகப் படித்தறிதல் இதனாற் கூடுகின்றது. பாச்சியோலியின் நாளேட்டு ஓரத்திலே நின்ற பக்க எண் ஒருவகையில் இங்கே மீண்டுள்ளது எனலாம்.

இவ்வாறு நோக்குங்கால், விரிதாள் இணைப்பின் வரலாறு கருவிகளின் வெற்றி வரலாறு மட்டுமன்று என்பது தேறும். எழுத்தர் கையினின்று பொறிக்கு எண்ணைக் கடத்தும் வேலை மாறிற்று. அவ்வேலையிலே விரைவும் ஓரளவு திருத்தமும் கூடின. ஆனால் எதிரெதிர் அமர்ந்து ஒருவர் படிக்க ஒருவர் புள்ளியிடும் சோதனையைப் பொறி ஏற்றுக்கொள்ளவில்லை. அதனை எவர் செய்வது என்பதையும் பல அலுவலகங்கள் மறந்தன. மூல ஏட்டிலும் சார்பு ஏட்டிலும் மொத்தத் தொகையைத் தனித்தனி கூட்டி இரண்டும் ஒத்துள்ளனவா என நோக்கும் கலமொன்று, நிரைகளின் எண்ணிக்கையை ஒப்பிடும் கலமொன்று, இணைப்புகள் யாவும் எங்கிருந்து வருகின்றன எனக் கூறும் தாளொன்று ஆகிய இவை சிறு ஏற்பாடுகளே. ஆயினும் வெனிஸ் நகரத்தார் இட்ட புள்ளியின் இடத்தை இவையே நிரப்புகின்றன.

பேரறிஞர் இருவரின் கணக்கைத் திறந்து நோக்கி, ஐந்து நாடுகள் விடுபட்டமையைக் கண்டவர் ஒரு மாணவர். அவர் கையிலே புதிய கருவி எதுவும் இருக்கவில்லை. அதே விரிதாள்தான் இருந்தது. பிறர் தந்த எண்ணை ஏற்குமுன் அஃது எங்கிருந்து வந்தது எனக் கேட்கும் பழக்கமே அவரிடத்து இருந்தது. அப்பழக்கத்தைக் கல்விக்கூடங்கள் வளர்க்குமாயின், இணைப்புகள் கணக்கைக் காக்கும். வளர்க்காவிடின், அவை பிழையை ஏட்டினின்று ஏட்டிற்கு விரைந்து கொண்டுசெல்லும் வழிகளாகவே எஞ்சும்.